மாப்பிள்ளை லாரி ஓட்டியதில்லை

அந்தமான் போய் வந்தேன் என்று சொன்னால் ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஜெயிலைப் பார்த்தியா? பார்க்கவில்லை. பவளப்பாறையும் பார்க்கவில்லை, கண்ணாடி போட்ட படகிலும் ஏறவில்லை. நான் பார்த்தது ஒரு மளிகைக் கடை, பாதி கட்டின ஒரு கட்டடம், ஆஸ்பத்திரியில் ஒரு அறை, அந்த அறை மேசையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. இதையெல்லாம் எழுது என்று சொன்னவள் என் மகள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

மகள் முத்துமாரி அப்போது நாலு மாதம். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையை அவளுக்கும் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருப்பதாக வந்தது. நர்ஸம்மா நல்ல மாதிரி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நீயும் நன்றாக இருப்பாய், பிள்ளைக்கும் வராமல் காப்பாற்றலாம், வீட்டுக்காரரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பதறாமல் சொன்னார். வீட்டுக்காரர் சேது ஒன்பது வருஷமாக அந்தமானில் கொத்தனார். பொங்கலுக்கு வந்து போனவர். மகள் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், போனை அணைத்தார். அதற்கப்புறம் அந்த நம்பர் உயிரோடு இல்லை.

மகள் மாத்திரை டப்பாவை மாமியார் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். என் சம்பந்தியம்மா அரிசி அளக்கப் போய் அதைக் கண்டெடுத்தாள். மருந்துக் கடையில் கொண்டுபோய் நீட்டி என்ன மாத்திரை என்று விசாரித்தாள். வீடு திரும்பி, என் மகளின் துணிகளை வாசலில் போட்டாள்.

"எம்மகன் கொத்தனாரு. லாரி ஓட்டுறவன் இல்ல. இது லாரிக்காரனுக்கு வர்ற நோயி. நீ எந்த லாரியில ஏறுனியோ, அந்த லாரியிலயே போயிரு."

மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த லாரி எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பெரிதாக ஒரு லாரி வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் சிவப்பு ரிப்பன். கீழே எய்ட்ஸ் பற்றி நாலு வரி எழுத்து. எழுத்து மழையில் போய்விட்டது, லாரி மட்டும் புதுசாக நிற்கிறது. ஒரு தரம் வேனில் வந்து நாடகமும் போட்டார்கள். அதிலும் கெட்டுப்போனது லாரி டிரைவர்தான். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் எய்ட்ஸ் பூதம் என்று குதித்தார். நாடகம் முடிந்து, விஷயத்தை விளக்கிச் சொல்ல ஒரு தம்பி மைக்கைப் பிடித்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் எழுந்தார்கள். "பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க, இது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று விரட்டினார்கள். போனோம். எங்கள் ஊர் ஆம்பளைகளில் பாதி அந்தமானில், பாதி திருப்பூரிலும் துபாயிலும். அந்த விளக்கத்தை உட்கார்ந்து கேட்டவர்கள் பல் போன நாலு கிழவர்கள். அவர்களுக்கு அது என்னத்துக்கு உதவியது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

சேது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். என்னிடமிருந்துதான் வந்தது என்று தன் வாயால் தன் தாயிடம் சொல்லவேண்டும். அவர் சொல்லாதவரைக்கும் என் மகள் லாரியில் ஏறினவள்தான். எனக்கு வீட்டுக்காரர் இல்லை, மகன் இல்லை. கூடப்பிறந்த தம்பியிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் இருக்கும். நானே கிளம்பினேன்.

இதில் ஒரு தொல்லை உண்டு. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசமாட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. "அவங்களச் சாப்பிடச் சொல்லு" என்பேன் மகளிடம். "போதும்னு சொல்லு" என்பார் அவரும் மகளிடம். அடுத்த ஆளுக்குத் தெரியக்கூடாத விஷயத்தை அடுத்த ஆள் இல்லாமல் எப்படிப் பேசுவது? நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் போட்டுக்கொண்டேன். யார் கேட்டாலும் மாப்பிள்ளைக்கு ஊறுகாய் கொண்டுபோகிறேன் என்று சொல்லலாம். மகளின் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, அந்தப் பாட்டிலோடு சேர்த்து ஒரு துணிப்பையில் கட்டினேன்.

கப்பலில் மூன்று நாள். கடல் அழகு என்று சொல்கிறவர்கள் அடித்தட்டுப் படுக்கையில் படுத்துப் பார்க்கவேண்டும். டீசல் நாற்றம், வாந்தி நாற்றம், இரண்டுக்கும் மேலே யாரோ உரித்த ஆரஞ்சுப்பழ வாசம். தட்டில் கட்டிச் சோறு போட்டு அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பருப்பு என்றார் பரிமாறியவர். ஒலிபெருக்கியில் ஹிந்தியில் அடிக்கடி ஏதோ சொன்னார்கள். எல்லாரும் எழுந்து ஓடினால் சாப்பாடு, ஓடாவிட்டால் வேறு ஏதோ. கப்பல் முழுகுகிறது என்று சொல்லியிருந்தாலும் நான் தட்டைத்தான் எடுத்திருப்பேன்.

எதிர்ப் படுக்கையில் ஒரு காண்ட்ராக்டர். தமிழர்தான். அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை.

"வருஷா வருஷம் லேபரைக் கூட்டிட்டுப் போறவன் நான். நல்ல பயலுகதான் ஆத்தா. ஊர்ல பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா இவனுக ஏன் கெட்டுப்போறானுக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது என் வழக்கம். பொண்டாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் ஒழுங்காக இருந்தால் இவனுக்கு இந்தப் பக்கம் புத்தி வரும் என்றால், அது என்ன கம்பியில்லாத் தந்தியா என்று வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. அந்த மகாராசன் சுருண்டு படுத்து, "ஆத்தா, அந்த ஊறுகாயில ஒரு துண்டு கிடைக்குமா?" என்று முனகினார். கொடுத்தேன். இருந்ததிலேயே சின்னத் துண்டாகப் பார்த்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலையில் போர்ட் பிளேயர். மழை. நம் ஊருக்கு அங்கே பெயர் மெயின்லாண்ட். "மெயின்லாண்ட்ல இருந்தா வர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். மெயின்லாண்ட் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு லாரி இருக்கிறது, சுவரில்.

மகள் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது டெய்ரி ஃபார்ம். அப்படியென்றால் பால் பண்ணை என்றும் சொல்லியிருந்தாள். ஆட்டோக்காரர் வங்காளி. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி மேட்டில் ஏறி, ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பார்த்தால் வீடுகள். மேலே வீடு, கீழே வீடு. ஒரு மாடு இல்லை. இடம் தப்பிவிட்டது என்று நினைத்து, மழையில் அரை மணி நேரம் மாட்டைத் தேடி நடந்தேன். கடைசியில் துணி காயப்போட இடமில்லாமல் வாசலில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன்.

"மாடா? ஐயோ ஆயா, பேருதான் டெய்ரி ஃபார்ம். நான் பொறந்து வளர்ந்தது இங்கதான், எங்க வீட்டு டீயே பவுடர் பால்ல!"

சேது அந்தப் பெண் வீட்டின் பின்னறையில்தான் குடியிருந்தாராம். அறை பூட்டியிருந்தது. சிப்பிகாட் என்கிற ஊரில் வேலை நடக்கிற இடத்திலேயே தங்கிக்கொண்டாராம். "ஜங்லிகாட்ல கதீஜா அக்கா கடையில கேளுங்க. அவங்க செட்டு ஆளுங்க எல்லாருக்கும் அரிசி பருப்பு அங்க இருந்துதான் போகுது" என்றாள்.

ஜங்லிகாட் கடைத்தெருவில் நடக்க இடமில்லை. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போகவேண்டும். கதீஜா கடை ஒரு ஆள் அகலம். கதீஜா இரண்டு ஆள் அகலம். ராமநாதபுரம் பக்கம்தான் பூர்வீகம். தமிழில் தொடங்கி ஹிந்தியில் போய் மறுபடி தமிழுக்கு வந்து சேருவாள்.

"சேதுவோட மாமியாரா? அரே, உள்ள வாங்க அக்கா! நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறீங்க. பஹ்லே சாப்பாடு, பேச்செல்லாம் அப்புறம்."

மீன் குழம்பு போட்டாள். புளி குறைவு, தேங்காய்ப்பால் அதிகம். நம் ஊர் மாமியார்கள் முன்னால் இந்தக் குழம்பை வைத்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். நான் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டேன். பதிலுக்கு ஊறுகாய் கொடுப்போம் என்று பையை அவிழ்த்தேன். பாட்டில் கசிந்திருந்தது. எண்ணெயில் ஊறிய ஜெராக்ஸ் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் பிடுங்குவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் இருந்தது.

"எனக்கும் இங்கிலீஷ் தெரியாது அக்கா. இந்த மூணு எழுத்து மட்டும் தெரியும். யாருக்கு? பொண்ணுக்கா?"

"அந்த நோயி..." என்றேன்.

"எந்த நோயி? எச்.ஐ.வி.ன்னு சொல்லுங்க. சொன்னா நாக்கு அழுகிறாது. எங்க நாத்தனா மகன் பதினஞ்சு வருஷமா மாத்திரை சாப்புடுறான். தினம் கடலுக்குப் போறான், மீன் கொண்டாறான். இப்ப நீங்க தின்னது அவன் புடிச்ச மீனுதான். ரெண்டு புள்ள அவனுக்கு. ஒண்ணுக்கும் நோயி கெடையாது. ரெண்டும் சைத்தானுக, அது வேற."

நான் தட்டைப் பார்த்தேன். இரண்டு தரம் ஊற்றிக்கொண்டது நினைவுக்கு வந்து ஒரு நொடி கை நின்றது. நாடகத்துப் பூதம் எனக்குள்ளேயும் கொஞ்சம் குதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டேன்.

"இங்க ஆளுங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்ன? போன வருஷம் கேம்ப் போட்டாங்க. மத்தியானம், சரியா சோத்து நேரத்துல. ஹிந்தியில ஒரு சாரு ஒரு மணி நேரம் பேசுனாரு. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச ஹிந்தி 'சிமெண்ட் கொண்டா, ஜல்தி வா' அவ்வளவுதான். கை தட்டுனாங்க. பிஸ்கட்டும் தொப்பியும் குடுத்தாங்க. அதோட முடிஞ்சுது."

மறுநாள் சிப்பிகாட் பஸ். பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் பஸ் நின்று, பின்னால் நகரத் தொடங்கியது. கண்டக்டர் குதித்து டயருக்குக் கல் வைத்தார். அந்தக் கல் பஸ்ஸுக்குள்ளேயே தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் இது இன்றைக்கு மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இறங்கி நடந்தோம். என் பக்கத்தில் நடந்த பெண்ணின் கூடையில் வெற்றிலையும் இரண்டு உயிர்க்கோழியும் இருந்தன. கோழிகள் என்னைவிட நிதானமாக இருந்தன.

கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். சாரத்தின் மேல் நின்று ஒருவர் பூசிக்கொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பியில் சிவப்பு ரிப்பன், அடியில் ஹிந்தியில் இரண்டு வரி. எங்கள் ஊர்ச் சுவரில் இருக்கிற அதே ரிப்பன். நோயைப் பற்றின சேதியைத் தலையிலேயே மாட்டிவிட்டிருந்தார்கள், ஒரு வருஷமாக. அவர் திரும்பினார். சேதுதான். என்னைப் பார்த்ததும் பூச்சுக் கரண்டியைப் போட்டுவிட்டு இறங்கினார், மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். இளைத்திருந்தார்.

மற்ற ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நானும் அவரும்தான். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகளைப் பார்த்துப் பேசினேன்.

"ஊருல ஒரு புள்ள வகுத்துல புள்ளையோட வாசல்ல நிக்கிது. லாரியில ஏறுனவன்னு பேரு வாங்கி நிக்கிது. இது தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியுமானு கேக்கணும்."

அவர் ஜல்லிக் குவியலைப் பார்த்துப் பதில் சொன்னார். "எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. நான் என்ன லாரியா ஓட்டுறேன்? கொத்தனாருக்கு எப்படி வரும்னு கேக்கச் சொல்லுங்க."

யாரைக் கேட்கச் சொல்கிறார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தே கத்தினேன். "அந்தத் தொப்பியில என்ன எழுதியிருக்குனு கேளுங்க!"

"தெரியல. கெவருமெண்டு தொப்பி. வெயிலுக்கு நல்லாருக்கு" என்றார் ஜல்லியிடம்.

நேற்று கேட்டதையும் நர்ஸம்மா சொன்னதையும் சேர்த்து மூட்டைகளிடம் ஒப்பித்தேன். கொத்தனாருக்கும் வரும், வாத்தியாருக்கும் வரும், உடம்பு நன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும், மாத்திரை உண்டு, நாத்தனார் மகன் உண்டு, அவன் பிடித்த மீன் உண்டு என்று. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பேசி முடித்தபோது அவர் கீழே உட்கார்ந்திருந்தார்.

"லாரிப் பக்கமெல்லாம் போகல அத்த," என்றார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வீட்டுக்குப் போனேன். அது வேறனு நெனைச்சேன்."

ஒரு தரமா, பல தரமா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு இல்லை. இந்த ஊர்களில் இத்தனை மைக் கட்டியும் கொத்தனாருக்கும் வரும் என்கிற அந்த ஒரு வரியை இந்த மனுஷனுக்குத் தமிழில் சொல்ல யாருக்கும் வாய் இல்லாமல் போனது. என்னைச் சொல்லி என்ன?

அடுத்த நாள் ஆஸ்பத்திரி. அவர் பத்தடி முன்னால் நடந்தார், நான் பத்தடி பின்னால். ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தோம். பிறகு ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வங்காளிப் பெண், ஆலோசனை சொல்கிறவள். இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாத இரண்டு பேரில் அவள் ஒருத்தி. அவள் ஹிந்தியில் ஏதோ கேட்டு என்னைக் காட்டினாள். இந்தம்மா வெளியே இருக்கட்டுமா, இவங்க யாரு என்று கேட்டாளாம். நான் எழுந்தேன்.

"மா," என்றார் சேது. "இங்கேயே இருக்கட்டும்."

ஹிந்தியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அந்த 'மா'தான், அம்மா என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கும் இருந்தது. அவள் கை ஜாடையோடு, சின்னச் சின்ன வார்த்தையாக, புரிகிறவரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்ல, அவர் எனக்குத் தமிழில் சொல்லவேண்டியதாயிற்று. மேசையில் அந்தப் பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. "மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாதாம்" என்றார் பூச்சாடியிடம். "சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியானு கேக்கணும்" என்றேன் நானும் பூச்சாடியிடம். "மாரியும் விடாம சாப்புடணுமாம். புள்ள பொறந்ததும் அதுக்கும் மருந்து குடுப்பாங்களாம்." "ஒரே தட்டுல சாப்புட்டா ஒட்டாதானு கேக்கணும்." "ஒட்டாதாம்." அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் பூச்சாடியைத் தூக்கி அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். நடுவில் மாத்திரைப் பை. அவராகவே போனை எடுத்தார். ஊருக்கு அடித்தார். எனக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, நான் சேது பேசுறேன். ஆஸ்பத்திரியில இருக்கேன். மாரிக்கு இருக்குறது எனக்கும் இருக்கு. எங்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போயிருக்கு. அவ மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ போயி அவளக் கூட்டிட்டு வா."

அந்தப் பக்கம் தூரத்தில் எங்கேயோ சேவல் கூவியது கேட்டது. எனக்குச் சம்பந்தியம்மாவைப் பிடிக்காது. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏன்டா," என்றது குரல். அழுகையும் கோபமும் கலந்திருந்தது. "அப்ப கொத்து வேலைனு எங்கிட்டப் பொய் சொல்லிட்டு, அங்க லாரியாடா ஓட்டிக்கிட்டு இருந்த?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. சேது போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். சுற்றிலும் எனக்குப் பேசுவதற்கு மூட்டை இல்லை, பூச்சாடி இல்லை. முந்தானையைத் தோளிலேயே விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மறுபடி பேசுங்க மாப்பிள்ள," என்றேன். "மொதல்ல அவங்க தலையில இருந்து லாரிய எறக்கி விடுங்க. அப்புறம் மிச்சத்தச் சொல்லுங்க."

"சரிங்கத்த," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நம்பரை அழுத்தினார்.